ரவி ஏன் நடந்தான்?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். மாணவர்கள் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள். ‘யார்’, ‘எங்கே’ என்று கேட்டால் சரியான வரியைக் காட்டிவிடுகிறார்கள். ‘ஏன்’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பிள்ளைகளுக்கு ஊகிக்கத் தெரியாது என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். அம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே கோபத்தைக் கண்டுகொள்கிறவர்கள் அவர்கள். குறிப்பறிதல் என்று இதற்கு நம் மொழியில் பெயரே இருக்கிறது. அதை ஆங்கிலப் பாடத்திலும் செய்யலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. ‘ஏன்’ கேள்விக்கான விடை கைடில் அச்சாகி வந்துவிடுகிறது. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

முதலில் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள, 100 சொற்களில் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளத்தை ஆராயும் பால் நேஷன் போன்ற மொழி ஆய்வாளர்களின் கணக்கு. பாடத்தில் வரிக்கு இரண்டு சொல் தெரியாத பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? அதனால் பயிற்சிக்கு மிக எளிய வரிகளையே எடுங்கள். நான் மூன்று ஆங்கில வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுவேன். தமிழில் அவற்றின் பொருள் இது: ‘ரவி சில்லறையை இரண்டு முறை எண்ணினான். பஸ் வந்தது. அவன் நடக்கத் தொடங்கினான்.’

ரவி ஏன் நடந்தான்? ஒருவன் “பஸ்ஸைத் தவறவிட்டான்” என்பான். தவறென்று சொல்லாமல், “எந்த வரி அப்படிச் சொல்கிறது?” என்று கேளுங்கள். பஸ் வந்தது என்றல்லவா இருக்கிறது! “அவனுக்கு நடக்கப் பிடிக்கும்” என்பாள் இன்னொருத்தி. அப்படியானால் சில்லறையை ஏன் இரண்டு முறை எண்ணினான்? கடைசியில் ஒரு குரல் வரும்: “டிக்கெட்டுக்குக் காசு பத்தவில்லை.” காசு போதவில்லை என்று எந்த வரியிலும் இல்லை. ஆனால் மூன்று வரிகளும் அந்த விடைக்குள் அடங்கிவிடுகின்றன. எழுதியதிலிருந்து ஒரு தடயம், தனக்குத் தெரிந்ததிலிருந்து ஒரு துண்டு: இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்.

இந்த உரையாடல் தமிழிலேயே நடக்கட்டும். ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், யோசித்த பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். காரணம் பிடிபட்ட பிறகு அதை ஆங்கில வாக்கியமாக்க உதவுங்கள்.

நம் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் கவனியுங்கள். தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தன’ என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தின் ‘கேம்’ (came) எதையும் காட்டாது. ‘தே’ (they) என்ற சொல் அவர்களுக்கும் பொது, அவற்றுக்கும் பொது. ‘சிறுவர்கள் மாம்பழங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்’ என்பதை அடுத்து, ‘தே’ மாலைக்குள் அழுகிவிட்டன என்று ஆங்கிலத்தில் வந்தால், யார் அல்லது எது என்பதை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். இத்தகைய சொற்களிலிருந்து உரிய பெயருக்குப் பென்சிலால் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். தொடர்பு எங்கே அறுந்தது என்று உடனே தெரிந்துவிடும். ‘ஈவன்’ (even, நம் ‘கூட’) போன்ற சின்னச் சொற்களிலும் நில்லுங்கள். ‘ரவி கூடத் தேறிவிட்டான்’ என்றால், அவன் தேறுவான் என்று யாரும் நினைக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் தமிழில் நொடியில் சொல்வார்கள்.

சரளமாக வாசித்தும் ஊகிப்பதில் பின்தங்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு. பிரிட்டனின் உளவியல் ஆய்வாளர் ஜேன் ஓக்ஹில் 1980-களிலிருந்தே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் வகுப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

தினமும் பத்து நிமிடம், மூன்று வரி போதும். பாடத்துக்குத் திரும்பும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஒரே வரியில் இருக்கிறதா, பல வரிகளில் சிதறியிருக்கிறதா, வரிகளுக்கு இடையில் இருக்கிறதா என்று விடை எழுதும் முன்பே பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வகைக்கு, ஆதாரமான வரியை அடிக்கோடிடாமல் எழுதிய விடையை, அது கைடில் உள்ள விடையாகவே இருந்தாலும், திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.