கணுக்காலுக்கு மேலே கறுத்த தோலைக் கவனியுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 48 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. பின்னேரமானால் கால் கனத்து வீங்குகிறது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கிறது. அட்டை கடித்தால் கெட்ட இரத்தம் போய்விடும் என்று லயத்தில் சொல்கிறார்கள். ஓப்பரேஷன் செய்தால் கால் விளங்காமல் போகுமா?

பதில்: புடைத்திருப்பவை தோலுக்கு அடியில் ஓடும் நாளங்கள். காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோவது அவற்றின் வேலை. ஏறிய இரத்தம் திரும்பி இறங்காமல் உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கும். அவை பழுதானால் இரத்தம் கீழே தேங்கி, நாளம் விரிந்து சுருளும். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் பருமன், நெடுநேரம் நிற்பது எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

நாளம் புடைத்திருப்பதைவிட, அந்தக் கறுத்த தோல்தான் எனக்குக் கவலை தருகிறது. தேங்கிய இரத்தத்தின் அழுத்தம் தோலைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த இடத்தில் சொறிந்த ஒரு கீறல்கூட மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடக்கூடும். அதனால்தான் அட்டை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அது கெட்ட இரத்தம் அல்ல, தேங்கி நிற்கும் இரத்தம். அட்டை உறிஞ்சுவதால் வால்வு சரியாகப் போவதில்லை. அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. கடிவாய் வெகுநேரம் கசியும், பிறகு அரிக்கும், அம்மா சொறிவார். மலைக்குப் போகும்போது நீளமான காலுறை போடச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மலை ஏறி இறங்குவதால் நோய் கூடும் என்று பயப்பட வேண்டாம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நிற்பதுதான் கெடுதல். மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் படுத்து, நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி காலைத் தலையணையில் வைக்கலாம். காய்ந்த தோலுக்கு வாசனையில்லாத கிறீம் போதும். அழுத்தக் காலுறை நல்லதுதான், ஆனால் காலுக்கு இரத்தம் சரியாக வருகிறதா என்று டொக்டர் பார்த்த பிறகே போட வேண்டும். நீரிழிவு இருந்தால் இது இன்னும் முக்கியம்.

சரி, ஓப்பரேஷன். கால் விளங்காமல் போகாது. காலின் இரத்தத்தில் பெரும்பகுதியை ஆழத்தில் உள்ள நாளங்கள்தான் கொண்டுபோகின்றன. அவை நன்றாக இருக்கின்றனவா என்று டொப்ளர் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் பழுதான மேல்நாளத்தை மூடுவார்கள். லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் மூடலாம், நுரை மருந்து ஊசியாலும் மூடலாம், வெட்டி எடுக்கவும் செய்யலாம். பெரும்பாலும் அன்றே எழுந்து நடக்கலாம். சில வருடங்களில் வேறு நாளம் புடைக்கக் கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தோட்ட வைத்திய அதிகாரியிடம் கடிதம் வாங்கி, அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள். தோல் கறுத்திருப்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

நாளம் கயிறுபோல் இறுகிச் சிவந்து வலித்தால் அன்றே காட்டுங்கள். நாளம் வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுக்கவைத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்துங்கள். கயிறு கட்ட வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள்.