மகன் ராத்திரி முழுக்க அந்த குரூப்பில் இருக்கிறான், போனைப் பிடுங்கலாமா?

கேள்வி: எனக்கு மார்த்தாண்டம் பக்கம். அதிகாலை மூன்று மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போக எழும்பும்போது மகன் அறையில் போன் வெளிச்சம் தெரிகிறது. வயது 20. சாகணும் என்று பேசிக்கொள்ளும் ஒரு டெலிகிராம் குரூப்பில் இருக்கிறான். கேட்டால், "அவங்களுக்குத்தான் என்னைப் புரியுது" என்கிறான். போனைப் பிடுங்கலாமா?

பதில்: உடனே பிடுங்க வேண்டாம். வீட்டில் சொல்ல முடியாததை அவன் அங்கேதான் கொட்டுகிறான். அதையும் பறித்தால் ஒளித்துச் செய்வான், உங்களோடு இருக்கும் கொஞ்சப் பேச்சும் நின்றுபோகும்.

ஆனாலும் உங்கள் பயம் சரிதான். "எனக்கும் அப்படித்தான்" என்று ஒருவர் சொன்னால் ஆறுதல். தினமும் ஐம்பது பேர் அதையே சொன்னால், வேறு வழியே இல்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். நடுராத்திரியில் ஒருவன் தப்பான முடிவெடுத்தால் ஓடிவந்து கதவைத் தட்ட அங்கே ஆளில்லை. அவன் நிஜப் பெயரே பலருக்குத் தெரியாது. இன்னும் மோசம், தனியே பேச அழைத்து "வீட்டில் சொல்லாதே", "சேர்ந்தே போவோம்" என்கிறவர்கள். அப்படி யாராவது இருந்தாலோ, சாகும் வழிகளைப் பேசும் இடமாக இருந்தாலோ, அவனிடம் பேசி அன்றைக்கே வெளியே கொண்டுவர வேண்டும்.

முதலில் கேளுங்கள், சுற்றி வளைக்காமல்: "மக்களே, செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது; ஆய்வுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பலருக்கு, ஒருவர் கேட்டதே பெரிய நிம்மதி. பதில் வர நேரமாகும், பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். "உனக்கு என்னடே குறை வச்சோம்?" மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றைக்குப் பால்வெட்டு கிடக்கட்டும், அவனைத் தனியே விடாதீர்கள். தோட்டத்து மருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அவசரமென்றால் 108. ஜெபத்துக்கோ கோவிலுக்கோ போவதை நான் தடுக்கவில்லை, அதற்காக டாக்டரை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று சொந்தக்காரர் யாராவது பயமுறுத்துவார். நினைப்பு வந்ததற்குக் கேஸ் ஏது? முயற்சி செய்து பிழைத்தவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்.

அவசரம் இல்லை என்று தோன்றினாலும் இன்றே 14416 எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

அப்புறம், குரூப்பை விடச் சொன்னால், அங்கே தன்னை நம்பியிருக்கும் யாரையாவது எப்படி விட்டுவருவது என்று கேட்பான். நியாயமான கேள்வி. அவருக்கும் இதே எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். அவரைக் காப்பாற்றும் வேலை இவன் தலையில் வேண்டாம்.