மடக்குக் கத்தி சொல்லிச் செய்வது: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

அண்ணே, பட்டறையில் கைத்தொலைபேசிப் படத்தைக் காட்டினால் போதுமா?

போதாது. படத்தில் அளவு இருக்காது. எதை வெட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்: பழமா, கயிறா, உரச்சாக்கா? பிறகு கெட்டி அட்டையில் நிஜ அளவிலேயே வரைந்து, வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். நான்கு விரலும் உட்கார்ந்து கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். பெரும்பாலான கைகளுக்கு 100 மி.மீ. பிடி சரிவரும்; அதற்குள் மடங்கும் அலகு 75 மி.மீ. இருக்கலாம். முதுகுப் பருமன் 2.5 மி.மீ. போதும். "நல்லா பலமா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் ஆசாரி 4 மி.மீ. தகட்டில் செய்து தருவார். அது மாங்காயைப் பிளக்கும், சீவாது.

இரும்பின் பெயர், அலகு நீளம், பருமன், உள்தகடு (பிடிக்கு உள்ளே இருபுறமும் வரும் தகடு), பிடி, முன்பணம், தேதி எல்லாவற்றையும் அந்த அட்டையின் பின்புறமே எழுதி இருவரும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

பூட்டு வைத்ததா, வைக்காததா?

சின்னப் பட்டறை என்றால் பூட்டு இல்லாத, பிடியின் முதுகில் உள்ள ஸ்பிரிங்கே அலகை அழுத்தி நிறுத்தும் முதுகு ஸ்பிரிங் வகையே நல்லது. அரைகுறையாகப் பிடிக்கும் பூட்டை நம்பி அழுத்தினால் விரல் போகும். பொத்தான் அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியைக் கேட்கவே கேட்காதீர்கள். சாதாரணக் கத்தியையும் காரணமில்லாமல் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவில், சட்டபூர்வக் காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

நான் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவன். பித்தளை வைத்து அழகாகச் செய்யலாமா?

உங்களுக்குப் பித்தளை ஆகாது. பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியா பித்தளையைக் கறுக்கவைக்கும். அடித்து இறுக்கிய ஆணி, வளைத்த தகடு போன்ற இடங்களில் வெடிப்பும் விடும். வெள்ளைப் பித்தளை என்று கொடுப்பதும் செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான், அதுவும் தப்பாது. உள்தகடு, அச்சாணி இரண்டையும் துருப்பிடிக்காத இரும்பில் கேளுங்கள். பாலை உறையவைக்கும் ஆசிட் பட்டால் கரி (கார்பன்) இரும்பு ஒரே ராத்திரியில் துருவேறும். அதனால் அலகும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்: 14சி28என் என்ற இரும்பு நல்ல தேர்வு. ஆனால் அதற்கு 1,050 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் காற்றுப் படாமல். கரி உலையில் முடியாது. தோய்ச்சலுக்கு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கெட்டியாக்க, ஆசாரி வெளியே அனுப்புவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெள்ளி ஆகும்?

நேரத்துக்குத்தான் காசு, இரும்புக்கு இல்லை. பட்டறையில் கேளுங்கள்.

லாரி ஸ்பிரிங் தகட்டில் அடித்தால் என்ன? பாராங் வெட்டுக்கத்தி எல்லாம் அதில்தானே?

பாராங்குக்கு அது சரி. ஸ்பிரிங் இரும்பில் கரி சுமார் 0.6 சதவீதம். அடி தாங்கும், வளையும், உடையாது. மடக்குக் கத்திக்கு வேண்டியது மெல்லிய விளிம்பு நெடுநாள் நிற்பது. 1095 என்ற கரி இரும்பில் கரி 0.95 சதவீதம், கூர் அதிலே நிற்கும்.

சும்மா புத்தகக் கணக்கு சொல்லாதீங்க. தாத்தா காலத்துக் கத்தி ஸ்பிரிங்தான், இன்னும் வெட்டுது.

வெட்டட்டும், ஐயா. நல்ல ஆசாரி கையில் ஸ்பிரிங்கும் வெட்டும். ஆனால் பழைய தகடு பல வருடம் பாரம் சுமந்து அசைந்தது. உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தோய்ச்சலில் விரியும், அல்லது பாதித் தேய்ப்பில் தெரியும். இன்னொன்று, எந்தக் கலவை என்று தெரியாமல் சூட்டை எப்படி முடிவு செய்வது? 1095 என்று தெரிந்தால் சுமார் 800 பாகை, வேகமாகக் குளிர்விக்கும் எண்ணெயில் தோய்ச்சல், பிறகு 200 பாகையில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. தெரியாத தகட்டில் எல்லாம் ஊகம்.

அப்ப காந்தம் ஒட்டாத சூட்டில் தோய்ப்பது தப்பா?

தப்பில்லை. காந்தம் சுமார் 770 பாகையில் விடும். அதற்குச் சற்று மேலே போய்த் தோய்க்க வேண்டும். பழைய ஆசாரிகள் நிறம் பார்ப்பது இதைத்தான், நிழலில் பார்ப்பார்கள், வெயிலில் இல்லை. என் வாதம் ஆசாரியோடு அல்ல, தகட்டோடு. இதோடு ஸ்பிரிங் பேச்சை விடுவோம்.

அண்ணே, டிராக்டர் ஸ்பிரிங்...

மேலே படியுங்கள்.

ரப்பர் கட்டையில் பிடி போடலாமா?

வேண்டாம். ஈரம் குடித்துப் பூசணம் பூத்து நீலக்கறை விழும். எருமைக் கொம்பு, நன்றாகக் காய்ந்த கெமுனிங் மரம், இல்லையென்றால் துணியைப் பிசினில் அழுத்திச் செய்யும் மிக்கார்ட்டா. யானைத் தந்தம் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அலகில் பெயர் பொறிக்கணும், தம்பி.

உளியால் குத்துவதானால் தோய்ச்சலுக்கு முன்பே, அக்கா. பிறகு குத்தினால் அலகு வெடிக்கும். பிந்திவிட்டால் அமிலத்தில் அரித்து எழுதலாம்.

முனியாண்டி கோயிலுக்கு அரிவாள்...

கொல்லுப் பட்டறைக்குப் போங்கள். அதற்கு லாரி ஸ்பிரிங் தாராளமாகப் போதும்.

எவ்வளவு ஆகும்னு சொல்லவே இல்லையே?

சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

மிச்சக் காசைக் கொடுப்பதற்கு முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் உள்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் முதுகோடு சமமாக நிற்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் அச்சாணியை இன்னும் இறுக்க வேண்டும். மூடியதும் அலகு நடுவில் நிற்கிறதா? பிறகு சட்டென்று மூடவிட்டுத் திறந்து கூரைப் பாருங்கள்: ஒரே இடத்தில் மழுங்கியிருந்தால் விளிம்பு ஸ்பிரிங்கில் மோதுகிறது. அதை அங்கேயே திருப்பிக் கொடுங்கள், வீட்டில் தீட்டித் தீராது. கடைசியாக நகக்குழி, அதாவது அலகைத் திறக்க நகம் மாட்டும் பள்ளம்: நகம் வலிக்காமல் திறக்க வேண்டும்.

நான் இடக்கையன்.

நகக்குழியை மறுபக்கம் வெட்டச் சொல்லுங்கள். அட்டையில் வரையும்போதே குறித்துவிடுங்கள், முடிந்தபின் மாற்ற முடியாது.