சைமன் குழு இரண்டு ஆண்டு முன்னதாகவே அமைந்தது ஏன்?

வணக்கம் நண்பரே. 1919 இந்திய அரசுச் சட்டம் தன் செயல்பாட்டைப் பற்றிப் பத்தாண்டு கழித்தே ஆய்வு என்கிறபோது, அந்த ஆய்வுக்காகப் பிரிட்டிஷ் அரசு நியமித்த சைமன் குழு 1927-லேயே அமைந்ததற்குக் கட்டுரையில் எந்தக் காரணத்தை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். காங்கிரஸின் நெருக்குதல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் அரசின் இந்தியா அமைச்சர் பர்க்கன்ஹெட்டின் அரசியல் கணக்கை முன்னால் வையுங்கள். அடுத்த பிரிட்டிஷ் தேர்தலில் எதிர்க்கட்சியான தொழிற்கட்சி வென்றால் குழுவை அவர்கள் நியமித்துவிடுவார்களே என்று அஞ்சினார். 1925 டிசம்பரில் வைஸ்ராய் ரீடிங்குக்கு எழுதிய கடிதத்திலேயே இது தெரிகிறது. முன்கூட்டியே அமைப்பதற்காகச் சட்டத்தையும் திருத்தினார்கள். அவர் அஞ்சியபடியே 1929-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது!

இன்னொன்று: இந்தியர் எவரையும் சேர்க்காததில் வைஸ்ராய் இர்வினின் யோசனைக்கும் பங்குண்டு. இதைப் பலர் விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான். ஏழு பேரும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தினர், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான அட்லி உட்பட. இந்தியர் விடுபட்டதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். 1928 பிப்ரவரியில் பம்பாயில் எழுந்த கறுப்புக் கொடிகளுக்குக் காரணம் இதுவே.