பிரிந்துபோன மருந்தைக் கலக்கி அடிக்கலாமா?

தண்ணீரில் கலந்த ஈ.சி. மருந்து (எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்த பயிர் மருந்து; தண்ணீரில் நுண்துளிகளாகப் பரவும்) சிறிது நேரத்தில் பிரிந்துவிட்டது. கலக்கிவிட்டுத் தெளிக்கலாமா?

எப்படிப் பிரிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலேயோ அடியிலோ வெள்ளையாக ஓர் அடுக்கு மட்டும் என்றால், துளிகள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு துளியும் இன்னும் தனித்தனியாகவே இருக்கிறது. கலக்கினால் சரியாகிவிடும்.

பளபளவென்று எண்ணெய் பிரிந்து நின்றால் விஷயம் வேறு. துளிகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. கலக்கினால் சேர்ந்தது போலத் தெரியும், ஆனால் துளிகள் பெரிதாகவே இருக்கும். ஆரம் இரட்டித்தால் பிரியும் வேகம் 4 மடங்கு. ஒரு செடிக்கு மருந்து அதிகமாகப் போகும், அடுத்ததற்கு வெறும் தண்ணீர்தான். கரைப்பான் செறிவாக விழுந்த இலை கருகும். தயவுசெய்து அதைத் தெளிக்காதீர்கள்.

அதே மருந்து ஒரு தண்ணீரில் நன்றாகக் கலக்கிறது, இன்னொன்றில் திரிகிறது. ஏன்?

பெரும்பாலும் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம். ஈ.சி. மருந்தில் வழக்கமாக இரண்டு வகைப் பால்மமாக்கிகள் இருக்கும்; எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் பரவிய பால்மம் பிரியாமல் காப்பவை இவை. ஒன்று மின்சுமை உள்ளது, மற்றது இல்லாதது. கால்சியமும் மெக்னீசியமும் கூடினால் முதல் வகை தடுமாறும். வெப்பமும் உரஉப்பும் கூடினால் இரண்டாவது வகை தடுமாறும். இரண்டின் விகிதத்தைச் சரியாக அமைப்பதில்தான் தயாரிப்பாளரின் திறமை இருக்கிறது. அதனால்தான் சர்வதேசச் சோதனை முறையில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கடினத்தன்மை உள்ள மென்னீர், 342 பிபிஎம் கடினநீர் இரண்டிலும் கலந்து பார்க்கிறார்கள்.

திரவ உரத்தோடு சேர்ப்பதானால், கையுறை போட்டுக்கொண்டு, அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் கலந்து அரை மணி நேரம் வைத்து, பிரிகிறதா என்று பாருங்கள்.

துளிகளை மிக மிக நுண்ணியதாக்கினால் பிரியவே பிரியாதா?

துளிகள் மேலே மிதந்து கூடுவது குறையும். ஆனால் மருந்து தண்ணீரில் சிறிதளவு கரைந்தாலும், சின்னத் துளிகள் கரைந்து பெரிய துளிகளில் போய்ச் சேரும். குப்பியிலேயே பால்மமாக வரும் ஈ.டபிள்யூ. வகையில் இது பெரிய தலைவலி. தண்ணீரில் சிறிதும் கரையாத எண்ணெய் ஒன்றை உள்ளே சேர்த்து இதைத் தடுக்கிறார்கள்.

இன்னொன்று: தொட்டியில் கலந்த பால்மம் என்றென்றைக்கும் நிலைக்க வேண்டியதில்லை. தெளித்து முடியும்வரை நிற்க வேண்டும், இலையில் உடைய வேண்டும். பால்மமாக்கியை அள்ளிப் போட்டால், காய்ந்த மருந்தையும் மழை எளிதில் கழுவிக்கொண்டு போய்விடும்.

சி.எஸ். மருந்து (நுண்ணுறைகளில் அடைத்தது) மட்டும் எப்படி அதிக நாள் வேலை செய்கிறது?

மருந்துத் துளியைச் சுற்றி மெல்லிய பாலிமர் சுவர், பெரும்பாலும் பாலியூரியா. எண்ணெயில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளைக் கரைத்துப் பால்மமாக்கி, தண்ணீர்ப் பக்கம் அமீன் என்ற இன்னொன்றைச் சேர்த்தால், இரண்டும் சந்திக்கும் பரப்பிலேயே சுவர் உருவாகும். அந்த நேரத்தில் பால்மம் நிலையாக இல்லாவிட்டால் உறைகள் பலவித அளவில் அமைந்து, மருந்து வெளிவரும் வேகமும் தாறுமாறாகும். சுவர் தடித்து, குறுக்குப் பிணைப்பு (பாலிமர் இழைகளுக்கு இடையிலான இணைப்பு) கூடினால் மெதுவாகக் கசியும். மெல்லியதாக இருந்தால் இலையில் காயும்போதே உடையும். ஆகவே எல்லா சி.எஸ். மருந்தும் நீண்ட நாள் மருந்தல்ல.

தெளிப்பவரின் தோலுக்கு இது ஈ.சி.யைவிடப் பொதுவாகப் பாதுகாப்பானது. தேனீக்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1970-களில் வந்த மெத்தில் பாரத்தியான் நுண்ணுறைகள் மகரந்தத் துகள் அளவில் இருந்ததால், தேனீக்கள் அவற்றையும் மகரந்தத்தோடு கூட்டுக்குச் சுமந்து சென்றன. பூத்திருக்கும் பயிரில் கட்டாயம் தவிருங்கள்.

சுவரின் பிளாஸ்டிக்கும் ஒரு கேள்விதான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாடு பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளுக்கு 2031 அக்டோபரில் அமலுக்கு வருகிறது. மண்ணில் மக்கும் சுவர்களைத் தேடும் வேலை சூடுபிடித்திருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

சி.எஸ்.ஸையும் ஈ.சி.யையும் ஒரே தொட்டியில் கலக்கலாமா?

லேபிள் அனுமதித்தால் மட்டும். ஈ.சி.யின் கரைப்பான் உறைச் சுவரை ஊறவைத்து, மெதுவாக வரவேண்டிய மருந்தை முன்கூட்டியே வெளியே இழுத்துவிடலாம்.