மாவுக்கட்டைப் பார்த்து மனசு ஆறலாமா?

கேள்வி: பெருமாள்புரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த எங்கள் மதினியின் ஐந்து பவுன் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்ததில் முழங்கையில் எலும்பு விரிசல். ஒரே வாரத்தில் போலீஸ் பிடித்துவிட்டது. இரண்டு பேர் கையிலும் மாவுக்கட்டு. பார்த்ததும் மனசு ஆறியது. இதைப் போய் சித்திரவதை என்று எழுதுகிறீர்களே, திருடனுக்கு என்ன மனித உரிமை?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, மதினியின் கை முதலில் நல்லபடியாகச் சேரட்டும். சங்கிலி போன ஆத்திரம் நியாயமானது. ஆனால் மாவுக்கட்டைப் பார்த்து மனசு ஆறியது என்கிறீர்களே, அந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று போலீஸ் சொல்கிறது. நீங்களும் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. நம்பாமலேயே ஏற்றுக்கொள்கிறோம். ஊரே சந்தோஷப்படுகிறது என்று தெரிந்த பிறகு ஸ்டேஷனில் எந்தக் கை தயங்கும்?

அந்தக் கை திருடனோடு நிற்பதும் இல்லை. நம் பழைய நெல்லைச் சீமையில்தான் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று அங்கே ஒரு தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் புகார். மறுநாள் டாக்டர் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22-ம் தேதி இரவு மகன் இறந்தார். 23-ம் தேதி காலையில் தகப்பன். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அந்த ஸ்டேஷனின் கேமரா பதிவைக் கேட்டார். டிஸ்க்கில் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. ஸ்டேஷனையே வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தை மீறி வாய் திறந்ததால்தான் உள்ளே இருவரையும் அடித்தது வெளியே தெரிந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால்?

2023-ல் அம்பாசமுத்திரம். விசாரணைக்குப் போன இளைஞர்கள், குறடு போட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள் என்று சொன்னார்கள். ஓர் அதிகாரி சஸ்பெண்ட் ஆனார், சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது.

இது புதிய வியாதியும் இல்லை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஒரு கமிஷன் 1855-லேயே அறிக்கை கொடுத்தது. விரல்களை மரக்கட்டையில் வைத்து நசுக்கும் 'கிட்டி', கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் 'அண்ணாந்தாள்' எல்லாம் அதில் பெயரோடு இருக்கின்றன. வரி வசூலும் காவலும் ஒரே ஆட்கள் கையில் இருந்த காலம் அது. 1872 சாட்சியச் சட்டம், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றது. இன்றைய புதிய சட்டத்திலும் அதுதான் நிலை. ஒரே ஒரு விலக்கு: வாக்குமூலத்தால் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அடி பெரும்பாலும் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது. அடி தாங்காதவன் எதையும் ஒப்புக்கொள்வான். யார் நகையையாவது காட்டுவான். மதினியின் சங்கிலியை அறுத்தவன் வேறொருவனாக இருந்தால், அவன் இன்னும் பைக்கில்தான் சுற்றிக்கொண்டிருப்பான்.

நல்ல எஸ்.ஐ. வரட்டும் என்று காத்திருந்து இதைத் தடுக்க முடியாது. ஆளைப் பிடித்த நேரத்துக்கும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் நேரத்துக்கும் நடுவில் இருக்கும் 24 மணி நேரத்தை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. கைது செய்தால் நேரம், தேதி போட்டுக் குறிப்பு எழுதணும், சாட்சி கையெழுத்து வாங்கணும், சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லணும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கணும். இதெல்லாம் பேருக்கு நடந்தால் போதாது என்பது என் கட்சி: அந்த டாக்டர், பிடிபட்டவரின் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கணும். மாஜிஸ்திரேட் 'அடித்தார்களா?' என்று நேருக்கு நேர் கேட்கணும். சாத்தான்குளத்தில் அந்த இரண்டு வாசலும் காப்பாற்றவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது. இன்னும் அதை உறுதிசெய்யவில்லை, தனிச் சட்டமும் இல்லை. மக்களவை 2010-ல் நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டவே இல்லை.

நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு பையனை 'சும்மா விசாரிச்சிட்டு விட்டுருவோம்' என்று கூட்டிப்போனால், எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, யார் வந்தது என்று உடனே எழுதி வையுங்கள். 15100-க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அப்புறம், மதினி வழக்குக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். கழிவறைக்கு உள்ளே கூடாது, வெளியே கட்டாயம் வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த இரண்டு பேரும் எப்படி உள்ளே போனார்கள், எப்படி வெளியே வந்தார்கள், கூட யார் போனது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். புகார் கொடுத்த குடும்பம் நீங்கள். அந்தப் பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று ஸ்டேஷனில் எழுத்து மூலம் கேளுங்கள் அண்ணாச்சி. வரும் பதிலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.