தானாக இறங்கும் நாற்காலி: ஹைட்ராலிக்கை நாமே மாற்றலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். ஆறு சுழல் நாற்காலிகள், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அதில் இரண்டு, உட்கார்ந்த பத்து நிமிடத்தில் தானாக அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஒன்றுக்குப் போன மாதம் கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று கொடுத்த ஹைட்ராலிக்கை, அதாவது சீட்டை ஏற்றி இறக்கும் சிலிண்டரை, வாங்கிப் போட்டோம். இப்போது இறங்குவதில்லை, ஆனால் எவ்வளவு தாழ்த்தினாலும் எங்கள் கணக்கு எழுதும் அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. இன்னொன்றை நாங்களே கழற்றப் பார்த்தோம். நட்டு, போல்ட்டு எதுவும் கண்ணில் படவில்லை. சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. எப்படிக் கழற்றுவது? இந்த சிலிண்டர் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நட்டு கண்ணில் படாததற்குக் காரணம், அங்கே நட்டே கிடையாது. திருகாணி, பசை, வெல்டிங் ஒன்றும் இல்லை. சிலிண்டரின் மேல்முனையும் கீழ்முனையும் லேசாகக் கூம்பியிருக்கும். லேத் பட்டறையில் டேப்பர் என்பார்கள். கீழ் டேப்பர் ஐந்து கால் பேஸின் துளையிலும், மேல் டேப்பர் சீட்டுக்கு அடியில் இருக்கும் மெக்கானிசத்தின் துளையிலும் செருகி நிற்கின்றன. ஒவ்வொரு முறை ஆள் உட்காரும்போதும் அது இன்னும் கொஞ்சம் இறுகும். ஐந்து வருடம் உட்கார்ந்தவர்களின் எடைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழற்றுவது, மாட்டுவது, எங்கே எண்ணெய் விடலாம், எங்கே விடக்கூடாது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

கடையில் ஹைட்ராலிக் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், நாமும் அப்படியே கேட்போம். ஆனால் ஆளைத் தூக்குவது எண்ணெய் அல்ல, அழுத்தி அடைத்த நைட்ரஜன். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் இருபுறமும் நைட்ரஜன். லிவரை இழுத்தால் உச்சியிலிருக்கும் பட்டன் அமுங்கும், வால்வு திறக்கும், வாயு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். விட்டால் வழி அடைபட்டு, பிஸ்டன் நின்ற இடத்தில் நிற்கும். வால்விலோ பிஸ்டனிலோ வாயுவை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால் லிவரைத் தொடாமலே வாயு இடம் மாறும். அதுதான் உங்கள் நாற்காலி செய்வது.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, லிவரின் நுனி பட்டனை எப்போதுமே லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். 1, 2 மி.மீ. ஆட்டமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குற்றம் லிவருடையது. அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்; நாற்காலி இறங்காமல் நின்றால், லிவரைச் சற்று வளைத்தோ சரிசெய்யும் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தியோ செலவில்லாமல் முடித்துவிடலாம். லிவர் இல்லாமலும் இறங்கினால் சிலிண்டர்தான். அதிலும் இரண்டு வகை. எழுந்த பிறகு தானாக மெல்ல மேலே வந்தால் கசிவு உள்ளுக்குள்தான், நைட்ரஜன் இன்னும் இருக்கிறது. லிவரை இழுத்தும் மேலே வராவிட்டால் வாயு வெளியே போயிருக்க வேண்டும். 'இறங்குகிறது, அதனால் உள்ளே காலி' என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எந்தப் பழைய சிலிண்டரையும் நிரம்பியதாகவே நினைத்துக் கையாளுங்கள்.

கேஸ் நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இதில் நிரப்பும் வாய் கிடையாது. தேய்ந்த சீலுக்குள் எதை நிரப்பினாலும் நிற்காது.

அடுத்தது அளவு. 'ஒரே சைஸ்' என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பெரும்பாலான நாற்காலிகளில் மேல்முனை 28 மி.மீ., கீழே வெளிக்குழாய் 50 மி.மீ. விட்டம், அதனால் எதை வாங்கினாலும் துளையில் உட்கார்ந்துவிடும். மாறுவது நீளம். ஏறி இறங்கும் தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். 80, 100, 120, 140 மி.மீ. என்று கிடைக்கும். ஸ்ட்ரோக் கூடினால் அதை உள்ளடக்கும் வெளிக்குழாயும் நீளும். குழாய் நீண்டால் நாற்காலியின் அடிமட்ட உயரமும் அதோடு ஏறும். உங்கள் கணக்காளர் அம்மாவுக்கு நடந்தது அதுதான். உயரம் அதிகமான சிலிண்டர் நல்லது என்று விற்பவர்கள், அதன் அடிமட்டமும் உயர்ந்துவிடும் என்பதைச் சொல்வதில்லை.

அளக்கும் முறை எளிது. கழற்றும் முன்பே, சீட் அடிமட்டத்தில் இருக்கும்போது தரையிலிருந்து அதன் உயரத்தை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லிவரை இழுத்துப் பிடித்து, வேண்டுமானால் சீட்டைக் கையால் தூக்கி, உச்ச உயரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்ட்ரோக். கழற்றிய பிறகு, முழுக்க அமுங்கிய நிலையில் சிலிண்டரின் மொத்த நீளம் எவ்வளவு என்று பாருங்கள். புதியது இதற்கு 5 மி.மீ. முன்பின் இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து வாங்குவது எல்லாவற்றிலும் உத்தமம்.

கிளாஸ் 3, கிளாஸ் 4 என்றும் கேட்பார்கள். முக்கியமாக மாறுவது குழாய்ச் சுவரின் கனம்: 3 என்றால் சுமார் 2 மி.மீ., 4 என்றால் சுமார் 2.5 மி.மீ. நாள் முழுக்க ஒரே ஆள் உட்காரும் ஆபீஸுக்குக் கிளாஸ் 4 வாங்கிவிடுங்கள். கூடுதல் விலை பெரிதாக இருக்காது. ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம். ஒரே நீளமுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்தால் கனமான குழாய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கழற்றுவது. வேண்டியவை: டபிள்யூடி-40 அல்லது அதுபோன்ற துரு இளக்கி, அரைக் கிலோவுக்குக் குறையாத சுத்தியல், 14 அங்குல பைப் ரெஞ்ச், தட்டையான திருப்புளி, கொறடு, ஒரு மரக்கட்டை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. ஒற்றை ஆளாகச் செய்வதைவிட இன்னொருவர் கூட இருந்தால் வேலை பாதி.

முதல் நாள் சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது நாற்காலியைக் கவிழ்த்து, சிலிண்டர் பேஸில் நுழையும் இடத்திலும் மெக்கானிசத்தில் நுழையும் இடத்திலும் சுற்றிவர எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். பத்து நிமிடம் போதும் என்று வீடியோக்களில் சொல்வதைப் புது நாற்காலிக்கு ஒப்புக்கொள்ளலாம், ஐந்து வருடப் பழசுக்கு அல்ல.

மறுநாள், சக்கரங்களைக் கையால் பிடுங்கி எடுத்துவிடுங்கள். பேஸின் நடுவில், சிலிண்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னக் கிளிப்பும் அதன் கீழ் வாஷரும் தெரியும். திருப்புளியால் கிளிப்பை நெம்பினால் வந்துவிடும். தெறித்துப் பறக்கும், அதற்குத்தான் கண்ணாடி. கிளிப் போனதும் பேஸை மேலே இழுங்கள். வெளிக்குழாயும் பேஸும் ஒன்றாகக் கழன்று வரும். உள் சிலிண்டர் மட்டும் சீட்டோடு நிற்கும். பலர் இதைச் செய்யாமல் முழு நாற்காலியையும் தூக்கிப் பிடித்து அடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு டேப்பரையும் தனித்தனியாகக் கவனிக்கலாம். உள்ளே இருக்கும் பேரிங், ரப்பர் எல்லாம் புதியதோடும் வரும் என்பதால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பேஸைக் கவிழ்த்த நிலையிலேயே இரண்டு செங்கல்லுக்கோ ஸ்டூலுக்கோ நடுவில், குழாய் கீழே தொங்கும்படி வையுங்கள். தாங்கும் இடம் நடு வளையத்துக்கு ஒட்டி இருக்கட்டும். கால்களின் நுனியில் தாங்கவைத்து அடித்தால் நைலான் பேஸ் விரிசல் விட்டுவிடும். குழாயின் விளிம்பில் மரக்கட்டையை வைத்து, அதன்மேல் அடியுங்கள். சின்னச் சின்னதாக நூறு அடி வேண்டாம்; அழுத்தமாக நாலு அடி போதும். டேப்பர் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் பிறகு தானாக விழுந்துவிடும். நீங்கள் அடித்து அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் நடுத்தண்டில் அடித்திருப்பீர்கள். அந்த அடி நேராக சீட்டுக்குப் போய்த் தரையில் இறங்கும், பேஸைத் தொடவே தொடாது. அடிபட வேண்டியது வெளிக்குழாயின் விளிம்பு.

மேல்முனைதான் பிடிவாதம் பிடிக்கும். சீட்டை மெக்கானிசத்திலிருந்து பிரித்துவிட்டால் வசதி. நாலு எம்6 போல்ட்டுகள்தான். தலையைப் பொறுத்து 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீயோ, 10 ஸ்பானரோ போதும். எந்தப் போல்ட்டு எந்தத் துளை என்று குறித்துக்கொள்ளுங்கள்; நீளமானது தவறான துளையில் போனால் பஞ்சுக்குள் முட்டி, உட்கார்பவருக்குக் குத்தும். மெக்கானிசத்துக்கு ஒட்டினாற்போல் சிலிண்டரைப் பைப் ரெஞ்சால் கவ்வி, இரண்டு பக்கமும் மாறிமாறித் திருப்புங்கள். திருகு மறை இல்லாததால் எந்தப் பக்கம் திருப்பினாலும் சரிதான்; நோக்கம் அந்த இறுக்கத்தை உடைப்பது மட்டுமே. கூடவே ஒருவர் மெக்கானிசத்தின் இரும்புத் தகட்டில், துளையைச் சுற்றி, சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கட்டும். சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் திசைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

இதற்கும் வரவில்லையென்றால் டூவீலர் பட்டறையிலோ லேத்திலோ பிரஸ்ஸில் வைத்துத் தள்ளச் சொல்லலாம். காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டறைக்காரர் வழக்கப்படி "கொஞ்சம் சூடு காட்டினா வந்துடும்" என்பார். சம்மதிக்காதீர்கள். கேஸ் கட்டர், கிரைண்டர், டிரில் எதுவும் இந்தக் குழாயைத் தொடக்கூடாது.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. கெடுவதும் அங்கேதான். முதலில் பேஸ் துளையையும் மெக்கானிசத் துளையையும் தின்னர் தொட்ட துணியால் நன்றாகத் துடையுங்கள். நேற்று அடித்த எண்ணெய் துளிகூட மிஞ்சக்கூடாது. டேப்பர் பிடிப்பது உராய்வால். கிரீஸ் தடவி மாட்டினால் நாற்காலியைத் தூக்கும்போது பேஸ் கழன்று காலில் விழும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். இருந்தால் மெக்கானிசத்தையும் மாற்ற வேண்டியதுதான், புது சிலிண்டரும் அதில் ஆடும். புதியதின் பட்டன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் மாட்டிவிட்டு 'புதுசும் வேலை செய்யல' என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. பிறகு பேஸில் சிலிண்டர், சிலிண்டர்மேல் சீட். சுத்தியல் வேண்டவே வேண்டாம், பட்டனில் ஒரு அடி பட்டால் வால்வு போச்சு. இருப்பதிலேயே எடை கூடிய ஆள் நாலைந்து முறை உட்கார்ந்து எழுந்தால் போதும். கடைசியாக லிவரின் அந்த 1, 2 மி.மீ. ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.

ஏற்கெனவே மாற்றிய நாற்காலியை மறுபடி பிரிக்க வேண்டாம். ஆபீஸில் உயரமானவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, இப்போது மாற்றப்போவதைக் கணக்காளர் அம்மாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்து பாதம் தரையில் படியும்போது முழங்கால் மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அடிமட்டம் அதற்குக் குறைவாக வரும் ஸ்ட்ரோக்கை வாங்குங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரும் ஆபீஸ் என்றால் வெறுங்காலோடு அளக்க வேண்டும். அந்த 2 செ.மீ. பெரிய வித்தியாசம்.

நாற்காலியின் உயரத்தை மாற்றும் வேலையே இல்லை என்றால் புது சிலிண்டரே வேண்டாம். உள்விட்டம் 28 மி.மீ.க்குச் சற்றுக் கூடிய பிவிசி பைப்பை வேண்டிய உயரத்துக்கு அறுத்து, நெடுக ஒரு கீறல் போட்டு விரித்து, வெளியே தெரியும் பளபளத் தண்டின்மேல் மாட்டுங்கள். சீட் அந்தப் பைப்பின்மேல் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் மலிவு, இறங்காது. உங்களைப் பார்க்க வரும் வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலிக்கு இது தாராளமாகப் போதும்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏறினால் உள்ளழுத்தம் சுமார் 6 சதவீதம்தான் கூடும். குழாய்க்கு அது பொருட்டே இல்லை. வெயில் கெடுப்பது ரப்பர் சீலை. தகரக் கொட்டகையில் போட்டுவைத்த நாற்காலி ஏசி அறையில் இருப்பதைவிடச் சீக்கிரம் இறங்க ஆரம்பிக்கும். நெருப்பு வேறு கதை: 600 டிகிரியில் அழுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்காகும், அதே சூட்டில் இரும்பும் பலமிழக்கும். அதனால் கழற்றிய பழையதைக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். காயலான் கடையில் போடும்போது 'உள்ளே கேஸ் இருக்கு, கட்டர் வைக்காதீங்க' என்று வாயால் சொல்லுங்கள், குழாய் மேலேயும் மார்க்கரில் எழுதிவிடுங்கள். இன்று வாங்கும் கடைக்காரர் வேறு, நாளை அதை அறுக்கும் பையன் வேறு.